எந்தக் கட்டடம் முதலில்? நிலநடுக்க விதிகளும் மக்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளும்

தர்மபுரி நகராட்சியோ ஓசூர் மாநகராட்சியோ நாளைக்கு ஓர் அறிவிப்பு ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்பு கட்டிய கட்டடம் வைத்திருப்பவர்கள் எல்லாரும், அது நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பொறியாளரிடம் சான்று வாங்க வேண்டும்; தாங்காது என்றால் இத்தனை ஆண்டுக்குள் பலப்படுத்த வேண்டும்; முடியாவிட்டால் இடிக்க வேண்டும். மறுநாள் டீக்கடையில் முதல் கேள்வி, "நம்ம ஊர்ல ஏதுங்க பூகம்பம்?" என்பதாக இருக்கும். அடுத்தது, "செலவை யார் குடுப்பாங்க?" மூன்றாவது கேள்வி கொஞ்சம் தயங்கி வரும். வாடகைக்குக் குடியிருப்பவர் கேட்பது அது: "எங்களை எப்போ காலி பண்ணச் சொல்லுவாங்க?"

முதல் கேள்விக்குப் பொறியாளரும் புவியியலாளரும் பதில் சொல்லலாம். மற்ற இரண்டுக்கும் அவர்களிடம் விடை கிடையாது. அவை ஊர் கூடிப் பேச வேண்டியவை. அப்படி ஓர் அறிவிப்பு இன்று நம்மிடம் இல்லை. தமிழ்நாட்டில் ஏற்கெனவே நிற்கும் தனியார் கட்டடங்களை நிலநடுக்கக் கணக்கில் சோதித்துப் பலப்படுத்தச் சொல்லும் பொதுவான விதி எதுவும் கிடையாது. புதிதாகக் கட்டுபவருக்குத்தான் விதி. இதனால்தான் இப்போதே பேசிவிடுவது நல்லது. விதி வந்த பிறகு நடக்கும் கருத்துக்கேட்பில் புலம்பத்தான் முடியும்.

முதலில் அந்த முதல் கேள்வி. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893. 1962-ல் முதல் பதிப்பு வந்தது. 2002-ல் வந்த பதிப்பு நாட்டை 2, 3, 4, 5 என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்தது; 5 மிக ஆபத்தானது. 2016 பதிப்பும் அதே பிரிவினையை வைத்துக்கொண்டது. அதன்படி சேலம் மூன்றாம் மண்டலம், பெங்களூரு இரண்டாம் மண்டலம். இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருப்பவை தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்கள். ஆக, இமயமலை அடிவாரத்து ஆபத்து இங்கே இல்லை. ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018 ஜூலையில் சேலம், தர்மபுரிப் பக்கம் 3.3 அளவில் ஓர் அதிர்வு வந்து, பாத்திரம் உருண்டு, மக்கள் தெருவுக்கு ஓடி வந்து, அரை நாள் பேசி மறந்தார்கள். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது அப்படிச் சிறியதல்ல. அதன் அளவு 6-ஐ ஒட்டி இருந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

"கெட்டியான பாறை மேல உட்கார்ந்திருக்கோம், நமக்கென்ன" என்ற நம்பிக்கைக்கு ஒரு பதில் உண்டு. மகாராஷ்டிரத்தின் கில்லாரி. தக்காணப் பீடபூமியில், அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்த ஊர். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, நாலு மணிக்குச் சற்று முன்பு, எல்லாரும் தூங்கும் நேரத்தில் 6.2 அளவில் நிலம் ஆடியது. கில்லாரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். வெளியுலகத்தில் இதைவிடப் பெரிய அதிர்வுகள் இதைவிடக் குறைந்த சாவோடு போயிருக்கின்றன. அங்கே ஆளைக் கொன்றது வீட்டின் அமைப்பு. உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை என்று உருண்டைக் கல்லை மண் சாந்தில் அடுக்கி, நடுவில் சில்லுக்கல்லைப் போட்டு நிரப்பிய தடித்த சுவர்கள். இரண்டு வரிசையையும் பிணைக்கும் நீளக்கல் ஒன்றும் இல்லை. மேலே வெயிலுக்காகப் போட்ட கனத்த மண் கூரை. ஆடியதும் சுவர் இரண்டாகப் பிளந்தது, கூரை அப்படியே படுக்கை மேல் இறங்கியது.

இதைப் படிக்கும்போது தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துப் பழைய கல்வீடுகள் யாருக்கும் நினைவுக்கு வரும். கருங்கல் விளையும் ஊரில் கல்லால் வீடு கட்டாமல் வேறு எதால் கட்டுவார்கள்? எல்லையோரக் கிராமங்களில் கூரைக்கும் கற்பலகைதான். பலகை உடையாது. ஆனால் அதைத் தாங்கும் சுவர் நகர்ந்தால் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மண்சுவரும் நாட்டு ஓடும். ஊர் நடுவில் மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கடைகள். அப்புறம் கடந்த இருபது முப்பது ஆண்டில் எழும்பிய ஹாலோ பிளாக் வீடுகள், தூண் மேல் நிற்கும் அடுக்குமாடிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் உடையும். ஒரே விதியை எல்லாவற்றுக்கும் எழுதினால் எதற்கும் பொருந்தாது.

இன்னொன்று: பழைய கட்டடம் என்றால் பலவீனம், புதியது என்றால் பலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டு மேலே சுவரோடு கட்டிய நவீன அடுக்குமாடிகள். மேலே கனம், கீழே வெறும் தூண். ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே வாங்க வேண்டியிருக்கிறது. ஓசூரில் சிப்காட் வேலைக்காக ஜனம் குவியக் குவிய எழும்பிய ஸ்டில்ட் பார்க்கிங் கட்டடங்கள் எத்தனை என்று ஒரு தெருவை நடந்து பார்த்தாலே தெரியும். தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று கட்டினார்கள், ரிங்கின் முனையை உள்பக்கமாக 135 டிகிரிக்கு மடித்துக் கொக்கி போட்டார்களா, வெறுமனே 90 டிகிரியில் விட்டுவிட்டார்களா என்பதில்தான் அந்தத் தூணின் உயிர் இருக்கிறது. 90 டிகிரி கொக்கி, காங்கிரீட் உதிர்ந்ததும் விரிந்துவிடும். பூச்சு பூசிய பிறகு இது எந்த ஆய்வாளர் கண்ணுக்கும் தெரியாது. கம்பி கட்டியவருக்குத் தெரியும்.

சரி, இனி விதி எப்படி எழுதுவது என்பதற்கு வருவோம். இதில் அதிகம் அடிபட்டுக் கற்ற நாடு நியூசிலாந்து. 1931-ல் நேப்பியர் நகரை ஒட்டி வந்த நிலநடுக்கத்தில் 256 பேர் இறந்தார்கள். அதற்குப் பின்தான் அங்கே கட்டட விதிகள் இறுகின. 2004-ல் வந்த கட்டடச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியும் நிலநடுக்கத்தில் விழக்கூடிய கட்டடங்களுக்குத் தனக்கென ஒரு கொள்கை எழுதியாக வேண்டும் என்றது. எழுதும் முன் மக்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்றும் சட்டத்திலேயே வைத்தார்கள்: வரைவை வெளியிட வேண்டும், எழுத்தில் கருத்துச் சொல்லக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும், நேரில் பேச விரும்புகிறவருக்கு நேரில் பேச வாய்ப்புத் தர வேண்டும். எது ஆபத்தான கட்டடம் என்ற அளவுகோலைச் சட்டமே வைத்தது. அதே இடத்தில் புதிதாகக் கட்டும் கட்டடத்துக்கு வேண்டிய பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாதது அந்தப் பட்டியலில் வரும். எவ்வளவு காலத்துக்குள் சரிசெய்வது, எதை முன்னால் எடுப்பது என்பதை ஊர்கள் முடிவு செய்துகொண்டன.

பிறகு 2011 பிப்ரவரி 22. கிரைஸ்ட்சர்ச் நகரில் 185 பேர் இறந்தார்கள். அவர்களில் 115 பேர் ஒரே கட்டடத்தில் இறந்தவர்கள். அது 1980-களில் கட்டிய காங்கிரீட் கட்டடம், பழைய செங்கல் கட்டடம் அல்ல. இன்னும் பலர் செத்தது கட்டடத்துக்கு உள்ளே இல்லை. தெருவில் நடந்துபோனவர்கள், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் பழைய கடைகளின் முகப்பும் கைப்பிடிச் சுவரும் சரிந்தன. அப்படி நசுங்கிய ஒரு நகரப் பேருந்தில் உயிரோடு மிஞ்சிய ஒரே பயணி ஆன் பிரவர் என்ற பல்கலைக்கழக ஆசிரியை. முழுக் கட்டடத்தையும் பலப்படுத்த ஆண்டுக்கணக்கில் ஆகலாம், தெருப்பக்கம் தொங்கும் சுவரையாவது முதலில் கட்டிவையுங்கள் என்று அவர் நாடாளுமன்றம் வரை வாதாடினார். 2016 திருத்தச் சட்டத்தில் அது இடம்பெற்றது.

அந்தச் சட்டம் உருவான விதம் நமக்கு அதைவிட முக்கியம். 2012 டிசம்பரில் அரசு முன்வைத்த யோசனை எளிமையானது: நாடு முழுவதும் ஒரே கெடு, சோதிக்க 5 ஆண்டு, சரிசெய்ய 10 ஆண்டு, மொத்தம் 15. கருத்துக்கேட்பில் எதிர்ப்பு வந்தது. நிலம் அடிக்கடி ஆடும் வெலிங்டனுக்கும் அபூர்வமாக ஆடும் ஆக்லாந்து, டுனெடினுக்கும் ஒரே கெடுவா என்று கேட்டார்கள். சிறு ஊர்க் கடைத்தெருவில் கட்டடத்தின் மதிப்பைவிடப் பலப்படுத்தும் செலவு அதிகம், அதற்குப் பூட்டிவிட்டுப் போவதே மேல் என்றார்கள். கடைசியில் வந்த சட்டம் முதல் யோசனையைப் போல இல்லை. ஆபத்து அதிகமுள்ள பகுதிக்குச் சோதிக்க 5, சரிசெய்ய 15 ஆண்டு. நடுத்தரப் பகுதிக்கு 10, 25. குறைந்த பகுதிக்கு 15, 35. முதலிரண்டு பகுதிகளிலும் மருத்துவமனை, பள்ளி போன்றவற்றுக்கு அந்தக் கெடு பாதி. பண்ணைக் கொட்டகைகள், வேலிச் சுவர்கள் போன்றவை பட்டியலிலிருந்தே நீங்கின. கருத்துக்கேட்பு வெறும் சடங்காக இருந்திருந்தால் இந்த எண்கள் மாறியிருக்காது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. செங்கல் முகப்பு விழுந்தால் யார் மேல் விழும் என்று பார்த்து எந்தச் சாலைகளுக்கு முன்னுரிமை தருவது என்பதை, உள்ளாட்சி தன் மக்களிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். கேள்வி எவ்வளவு எளிமையானது பாருங்கள்: உங்கள் ஊரில் கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது? ஆபத்து வந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போயாக வேண்டும்? இதற்கு நிலநடுக்கம் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றிய கடைத்தெருவில் காலை எட்டு மணிக்கு எத்தனை பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள், வாரச்சந்தை நாளில் எந்தச் சந்து அடைத்துக்கொள்ளும், ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் போகும் கூட்டம் பென்னாகரத்தில் எங்கே இறங்கும் என்பதெல்லாம் சென்னையில் உட்கார்ந்து விதி எழுதுகிறவருக்குத் தெரியாது. இங்கே காய்கறி விற்கும் அம்மாவுக்குத் தெரியும்.

எதை மக்களிடம் கேட்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் எவ்வளவு ஆடும் என்பதைக் கை தூக்கித் தீர்மானிக்க முடியாது. தூணுக்கு எத்தனை கம்பி என்பதும் அப்படித்தான். அங்கே பெரும்பான்மைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கி இருக்கிறது. விதியை மீறிக் கட்டிய கட்டடங்களுக்குப் பணம் கட்டினால் மன்னிப்பு என்று 2018-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தேர்தல் நேரம். ஜனங்களுக்குப் பிடித்த சட்டம். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அந்த நாட்டில் 50,000 பேருக்கு மேல் இறந்தபோது, அந்த மன்னிப்பைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். வரன்முறைப்படுத்தும் திட்டம் என்ற பெயரில் நமக்கும் இது பழக்கமான சங்கதிதான். மனை அளவு, பக்க இடைவெளி போன்ற மீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பது வேறு. கட்டடம் நிற்குமா என்பதை மன்னிப்பது வேறு. இரண்டாவதை எந்தக் கூட்டத்திலும் பேரம் பேசவே கூடாது என்பது என் கருத்து.

பேரம் பேச வேண்டியது செலவு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2015-ல், கீழ்த்தளம் திறந்த பழைய மர அடுக்குமாடிகளைக் கட்டாயம் பலப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் அந்தச் செலவு மொத்தத்தையும் வாடகையில் ஏற்றிவிட்டால்? நீண்ட பேச்சுக்குப் பிறகு 2016-ல் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: பாதி உரிமையாளர், பாதி வாடகைதாரர், வாடகை ஏற்றம் மாதம் 38 டாலருக்கு மேல் போகக் கூடாது. இந்த எண் நமக்குப் பொருந்தாது. இப்படி ஒரு பங்கீட்டை விதியோடு சேர்த்தே பேசியாக வேண்டும் என்பது பொருந்தும். பேசாவிட்டால் நடக்கப்போவது தெரிந்ததுதான்: வசதி உள்ளவர் சான்று வாங்குவார், இல்லாதவர் நோட்டீஸை மடித்து அலமாரியில் வைப்பார், நடுவில் இருப்பவர் சான்று விற்கும் ஆளைத் தேடுவார்.

அவசரத்தில் எழுதும் விதி எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் வேலை வேகமாக நடந்தது. இடித்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இடித்த அறைக்கு மாற்று எங்கே, எத்தனை மாதத்தில், அதுவரை பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பது இடிக்கும் முன் பெற்றோரோடு பேசியிருக்க வேண்டிய விஷயம்.

கருத்துக்கேட்பு என்றதும் கிருஷ்ணகிரிக்காரருக்கு நினைவுக்கு வருவது கல்குவாரிக் கூட்டம். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கீழ் நடப்பது. கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்குவார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், 30 நாளுக்கு முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். காகிதத்தில் நல்ல விதிகள்தான். ஆனால் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று அதில் கிடையாது. காலி நாற்காலியோடு நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு. முடிவைக் கூட்டம் எடுப்பதில்லை, கருத்தை மேலே அனுப்புவதோடு சரி. மத்திய அரசு 2014-ல் வகுத்த கொள்கை, புதிய சட்ட வரைவுகளை 30 நாளாவது பொதுவில் வைக்கச் சொல்கிறது. தரநிலை எழுதும் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் தன் வரைவுகளைக் கருத்துக்காகச் சுற்றுக்கு விடுகிறது. அந்த வரைவுகளுக்குப் பதில் எழுதுபவர் ஐஐடிப் பேராசிரியரும் சிமென்ட் கம்பெனியும்தான். பாலக்கோட்டு மேஸ்திரி அதைப் பார்த்திருக்க வழியில்லை.

ஆனால் வேறு ஓர் இடம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு விதியை யோசிக்கும்போதே ஒரு சுற்றில் பட்டியலைக் கேட்கலாம்: ஊரில் கூட்டம் சேரும் கட்டடங்கள் எவை, பள்ளி, ரேஷன் கடை, சமுதாயக் கூடம், கோயில் மண்டபம் எப்படி இருக்கின்றன. அடுத்த சுற்றில் வரைவைக் காட்டலாம். மூன்றாவதில், நீங்கள் சொன்னதில் எதை எடுத்துக்கொண்டோம், எதை ஏன் விட்டோம் என்று வந்து சொல்லலாம். இந்த மூன்றாவது படிதான் நம் கூட்டங்களில் எப்போதும் காணாமல்போவது. அது இல்லாவிட்டால் இரண்டாவது தடவை யாரும் வர மாட்டார்கள், வரவும் வேண்டியதில்லை.

மரபுக் கட்டடங்களைப் பற்றி ஒரு சொல். தர்மபுரிக் கோட்டைக் கோயிலில் நுளம்பர் என்ற பழைய அரச மரபினர் காலத்துக் கற்பணியையும் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டையும் வணிக வளாகத்தை அளக்கும் அளவுகோலால் அளக்க முடியாது. அவற்றுக்குத் தனி வழி வேண்டும் என்பதில் சண்டை இருக்காது. சண்டை வரப்போவது அவற்றுக்கு வெளியே இருக்கும் பெயரில்லாத நூறாண்டு வீடுகளில்.

விதி போட்டால் அது நிரந்தரம் என்றும் எண்ண வேண்டாம். நியூசிலாந்தே 2025 செப்டம்பரில், செலவுக்கேற்ற பலன் இல்லை என்று தன் சட்டத்தைத் தளர்த்தப்போவதாகவும், ஆபத்துக் குறைந்த ஆக்லாந்து போன்ற பகுதிகளை விலக்கப்போவதாகவும் அறிவித்தது. அந்தக் கணக்கில் நம் மாவட்டங்கள் வெலிங்டனைவிட ஆக்லாந்துக்குத்தான் நெருக்கம். எல்லாக் கட்டடத்தையும் சோதி என்று இங்கே உத்தரவிட்டால் அது ஓராண்டு தாங்காது. பள்ளி, மருத்துவமனை, கல்யாண மண்டபம், கடைத்தெருக் கைப்பிடிச் சுவர், ஸ்டில்ட் தூண்கள் என்று சிறிதாகத் தொடங்கினால் நிற்கும். புதிதாக எழும்பும் ஒவ்வொரு சிறு வீட்டுக்கும் அடித்தளத்திலும் லிண்டல் மட்டத்திலும் சுற்றி வரும் பெல்ட் காங்கிரீட்டைக் கட்டாயமாக்குவதில் மட்டும் தயக்கமே தேவையில்லை. கட்டும்போதே போட்டால் அதன் செலவு, பின்னால் சுவரைக் கிழித்துச் சேர்ப்பதோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு.

மிச்சம் இருப்பது, கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்பது. கட்டட உரிமையாளர் சங்கம் வரும், பொறியாளர் சங்கம் வரும், கட்சிக்காரர் வருவார். ஓசூர் லைன் வீட்டில் ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளிகள் வர மாட்டார்கள். அவர்கள் ஷிப்டில் இருப்பார்கள். தமிழ் நாளிதழ் அறிவிப்பு அவர்கள் கைக்குப் போகாது. வாக்காளர் பட்டியலிலும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். நெருக்கியடித்துக் கட்டிய, யாரும் வரைபடம் பார்த்திராத அந்தக் கட்டடங்களில் இரவில் தூங்குபவர்கள் அவர்கள்தான். ஓசூரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. அறிவிப்பு ஐந்து மொழியிலும் லைன் வீட்டு வாசலில் ஒட்டப்பட வேண்டும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, கலெக்டர் ஆபீஸில் இல்லாமல் சிப்காட் பக்கத்தில் நடக்க வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாடகைதாரர் வாய் திறக்க மாட்டார் என்பதால் இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கம்பி கட்டுபவர்களையும் மேஸ்திரிகளையும் வேறொரு நாள் கூப்பிட வேண்டும், அன்றைய கூலியைக் கொடுத்து.